எந்த பைக்கைக் கொடுத்தாலும் ஜெயிப்பது எப்படி? மைக் ஹெயில்வுட்டை வைத்து ஓர் எளிய விளக்கம்

பைக் ரேஸ் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடும். "எல்லாம் வண்டிதாங்க, நல்ல வண்டி கிடைச்சா யார் வேணா ஜெயிப்பான்" என்பது ஒன்று. "உயிருக்குப் பயப்படாதவன் ஜெயிப்பான், அவ்வளவுதான்" என்பது இன்னொன்று. டீக்கடையில் இரண்டும் எடுபடும். 1961 ஜூனில் பிரிட்டன் பக்கத்து ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்ததை வைத்துப் பார்த்தால் இரண்டும் நிற்காது.

அந்த ஒரு வாரத்தில் மைக் ஹெயில்வுட் என்ற 21 வயது இங்கிலாந்துக்காரர் மூன்று பந்தயங்களை வென்றார். 125 சிசி ஹோண்டாவில் ஒன்று, 250 சிசி ஹோண்டாவில் ஒன்று, 500 சிசி நார்ட்டனில் ஒன்று. 350 சிசி ஏ.ஜே.எஸ். வண்டியிலும் முதலாவதாகத்தான் போய்க்கொண்டிருந்தார். முடிவை நெருங்கும்போது பிஸ்டனைப் பிடித்திருக்கும் பின் உடைந்து வண்டி நின்றுவிட்டது. அங்கே ஒரே வாரத்தில் மூன்று வெற்றி என்பது அதுவரை யாரும் செய்யாதது. வண்டிதான் எல்லாம் என்றால், ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று வண்டிகளில் ஒரே ஆள் எப்படி ஜெயித்தார்? தைரியம்தான் எல்லாம் என்றால், தைரியசாலிகளுக்கு அந்தத் தீவில் அந்த வாரம் பஞ்சமே இல்லையே.

ஆக, இதில் வேறொரு திறமை இருக்கிறது. "பல்திறன்" என்று அதற்குச் சுலபமாகப் பெயர் வைத்துவிடுகிறோம். அது உடம்பில் எங்கே இருக்கிறது, வண்டியில் எங்கே வெளிப்படுகிறது என்பதைப் பார்ப்போம். உங்களுக்கு பைக் ஓட்டத் தெரிந்திருந்தால் நல்லது. பின்சீட்டில் உட்கார்ந்து போன அனுபவம் இருந்தாலும் போதும்.

ரோடு ரேஸ் என்பது எது

ரோடு ரேஸ் என்றால் தார்ப் பரப்பில் நடக்கும் பந்தயம். மண்ணிலும் சேற்றிலும் தாவிக் குதிக்கும் மோட்டோகிராஸ் வேறு ஜாதி. ராத்திரியில் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு ஈசிஆரில் பறப்பது எந்த ஜாதியிலும் சேராது. அது போலீஸ் கேஸ்.

ரோடு ரேஸிலும் இரண்டு வகை உண்டு. பந்தயத்துக்கென்றே கட்டிய சர்க்யூட்டில் ஓட்டுவது ஒன்று: இத்தாலியின் மோன்சா, நம் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக் போன்றவை. இன்னொன்று, பொதுச் சாலையைச் சட்டப்படி அடைத்துவிட்டு அதிலேயே ஓட்டுவது. ஐல் ஆஃப் மேனில் நடக்கும் டூரிஸ்ட் டிராபி, சுருக்கமாக டி.டி., இந்த இரண்டாவது வகை.

டி.டி. பாதை ஒரு சுற்றுக்கு 60.7 கி.மீ. இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். ஊருக்குள் புகுந்து, வீட்டுச் சுவரை ஒட்டி, விளக்குக் கம்பங்களுக்கு நடுவே போய், மலை ஏறி இறங்க வேண்டும். மற்ற நாட்களில் பஸ் போகும் ரோடுதான் அது. எல்லோரும் ஒன்றாகக் கிளம்புவதில்லை. சில நொடி இடைவெளியில் வரிசையாக விடுவார்கள், மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவர் வெற்றியாளர். 1976 வரை இது உலக சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்றாகவும் இருந்தது. ஹெயில்வுட் காலத்துப் பந்தயக்காரர் சர்க்யூட், பொதுச் சாலை இரண்டையும் கற்றே ஆக வேண்டும்.

சிசி மாறினால் என்ன மாறுகிறது

அந்தக் காலத்தில் உலக சாம்பியன்ஷிப் 50, 125, 250, 350, 500 சிசி என்று பிரிவுகளாக நடந்தது. சிசி என்பது எஞ்சினின் சிலிண்டர்களுக்குள் பிஸ்டன் நகரும் இடத்தின் கொள்ளளவு. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு மூன்று பிரிவுகளில் ஓட்டுவது சகஜம்.

"சின்ன வண்டி மெதுவாகப் போகும், பெரிய வண்டி வேகமாகப் போகும், வேறென்ன வித்தியாசம்?" என்று கேட்கத் தோன்றும். ஆர்.எக்ஸ். 100 ஓட்டிப் பழகியவரை ஒரு நாள் புல்லட்டில் ஏற்றிவிடுங்கள், விடை கிடைத்துவிடும். ஆர்.எக்ஸ். 100-இல் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் முதலில் கொஞ்சம் சோம்பல், பிறகு திடீரென்று ஒரு சீற்றம். புல்லட்டில் ஆரம்பத்திலிருந்தே சீரான இழுவை. ஆக்ஸிலேட்டரை விட்டால் ஆர்.எக்ஸ். பாட்டுக்கு உருண்டுகொண்டே போகும். புல்லட்டோ யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வேகம் குறையும். பழைய கை பழைய பழக்கத்தில் முறுக்கும், புது வண்டி வேறு மாதிரி பதில் சொல்லும். முதல் பத்து நிமிடம் தடுமாற்றம்தான்.

இதற்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஆர்.எக்ஸ். டூ-ஸ்ட்ரோக்: கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒரு முறை சுற்றும்போதெல்லாம் எரிபொருள் ஒரு முறை வெடிக்கும். புல்லட் ஃபோர்-ஸ்ட்ரோக்: இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். ஆக்ஸிலேட்டரை மூடியதும் எஞ்சின் பின்சக்கரத்தைப் பிடித்து இழுப்பதை எஞ்சின் பிரேக்கிங் என்பார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இது அதிகம், டூ-ஸ்ட்ரோக்கில் மிகக் குறைவு. இரண்டாவது, பவர்பேண்ட். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றிலிருந்து எத்தனை சுற்று வரை உருப்படியான சக்தி தருகிறதோ அந்த எல்லைதான் பவர்பேண்ட். அது அகலமாக இருந்தால் ஓட்டுபவருக்கு நிம்மதி. குறுகலாக இருந்தால் கியரை மாற்றி மாற்றி எஞ்சினை அந்த எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்.

ஹெயில்வுட் 1966, 67-இல் ஓட்டிய ஹோண்டா 250-ஐ எடுத்துக்கொள்வோம். 250 சிசியை ஆறு சிலிண்டர்களாகப் பிரித்திருந்தார்கள். ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 41 சிசி. அந்தக் குட்டி பிஸ்டன்கள் நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று வரை போகும். சக்தி முழுக்க அந்த உச்சிப் பக்கத்தில்தான், அதனால் ஏழு கியர். ஒரு வளைவுக்குத் தவறான கியரில் நுழைந்தால் வெளியே வரும்போது எஞ்சின் செத்துக் கிடக்கும். 1961-இன் நார்ட்டனோ ஒரே சிலிண்டர், 500 சிசி, இதற்கு நேர் எதிரான குணம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பிரிவு மாறும்போது வேகம் மட்டும் மாறுவதில்லை. வலது கை முறுக்குவதற்கும் பின்சக்கரம் பதில் சொல்வதற்கும் உள்ள உறவே மாறுகிறது.

வளைவில் நடப்பது

நேர் ரோட்டில் யாரும் முறுக்கலாம். பந்தயம் தீர்மானமாவது வளைவில்.

முதலில் ஒரு ஆச்சரியம். ஓரளவு வேகத்தில் போகும் பைக்கை வலப்பக்கம் திருப்ப ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பக் கூடாது. வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும், அதாவது சக்கரத்தை ஒரு கணம் இடப்பக்கம் திருப்ப வேண்டும். சக்கரம் இடப்பக்கம் விலகியதும் வண்டி வலப்பக்கம் சாயும், சாய்ந்ததும் வலப்பக்கம் திரும்பும். இதன் பெயர் கவுன்டர்ஸ்டியரிங். பைக் ஓட்டும் எல்லோரும் தெரியாமலேயே இதைத்தான் செய்கிறோம். பந்தயக்காரர் தெரிந்தே செய்கிறார். வேகம் கூடக் கூடச் சுழலும் சக்கரங்கள் சாய மறுக்கும், அப்போது பலமாகத் தள்ள வேண்டும். கனமான பெரிய வண்டிக்கும் இலேசான 125-க்கும் இந்தத் தள்ளலின் அளவு வேறு வேறு.

அடுத்தது டயரின் பிடிமானம். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கை அளவு ரப்பர்தான் பிரேக் பிடிக்கிறது, திருப்புகிறது, முன்னே தள்ளுகிறது. அதன் மொத்தப் பிடிமானத்துக்கு ஒரு வரம்பு உண்டு. முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திருப்புவதற்கு மிச்சமிருக்காது. நன்றாகச் சாய்ந்திருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கிவிடும், ஆக்ஸிலேட்டரை வெடுக்கென்று முறுக்கினால் பின்சக்கரம் வழுக்கிவிடும்.

அந்த வரம்பும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து முன் டயரை அழுத்தும், பின் டயர் இலேசாகும். முறுக்கும்போது நேர்மாறு. எஞ்சின் பிரேக்கிங் பின் டயரின் பிடிமானத்திலிருந்து தன் பங்கைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொள்ளும். அப்புறம் மழை, எண்ணெய், வெயிலில் இளகிய தார், மரநிழலில் காயாத ஈரம். இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தக் கணத்தில் எவ்வளவு பிடிமானம் மிச்சம் என்பதைச் சீட், கால்மிதி, கைப்பிடி வழியாக உடம்பால் கணக்குப் போடுகிறார் ஓட்டுநர்.

பல்திறன் குடியிருக்கும் இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பத்து வண்டிகளுக்குப் பத்துத் திறமைகள் என்று யாரும் தனித்தனியாகச் சேர்த்து வைப்பதில்லை. மிச்சப் பிடிமானத்தைச் சீக்கிரம் படிக்கும் ஒரே திறமைதான், வண்டி எதுவானாலும் வேலை செய்கிறது. புது வண்டியில் ஏறினால் சாதாரணமானவருக்கு அதைப் படிக்க ஒரு வாரம் ஆகும். ஹெயில்வுட் மாதிரி ஆளுக்குச் சில சுற்றுகள்.

அதே வளைவு, வேறு வழி

படித்தால் மட்டும் போதாது, அதற்குத் தகுந்தபடி ஓட்டும் முறையையும் மாற்ற வேண்டும். 125 சிசியில் சக்தி குறைவு. வளைவில் பத்து கி.மீ. வேகத்தை இழந்தால் அதைத் திரும்பப் பிடிப்பதற்குள் எதிராளி கண்ணுக்குத் தெரியமாட்டார். அதனால் சின்ன வண்டியில் வளைவை அகலமாக, வட்டமாக, வேகம் குறையாமல் எடுப்பார்கள். பெரிய வண்டியில் தாமதமாகப் பிரேக் பிடித்து, சுருக்கென்று திருப்பி, சீக்கிரம் நிமிர்த்தி, முறுக்குவார்கள். வளைவில் இழந்ததை எஞ்சின் திருப்பிக் கொடுத்துவிடும்.

வண்டியே சரியில்லை என்றால்? ஹோண்டாவின் 500 அப்படித்தான். நான்கு சிலிண்டர், சக்திக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சக்தியைத் தாங்கும் விறைப்பு சேஸியில், அதாவது வண்டியின் சட்டகத்தில் இல்லை. வேகத்தில் வண்டி பாம்பு போல நெளியும். எதிரே ஜியாகோமோ அகோஸ்தினி, இலேசான, சொன்ன பேச்சு கேட்கும் எம்.வி. அகுஸ்டாவில். 1967-இன் 500 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் இருவருக்கும் ஆளுக்கு ஐந்து வெற்றி, புள்ளிகளும் சமம். இரண்டாம் இடங்கள் கூடுதலாக இருந்ததால் பட்டம் அகோஸ்தினிக்குப் போனது. அதே வருடம் 250, 350 இரண்டிலும் ஹெயில்வுட்தான் உலக சாம்பியன்.

அந்த வருட டி.டி.யில் 500 சிசி பந்தயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஆறு சுற்று, ஏறக்குறைய 364 கி.மீ. ஹோண்டாவின் ஆக்ஸிலேட்டர் பிடி ஹேண்டில்பாரிலிருந்து கழன்று வர ஆரம்பித்தது. பெட்ரோல் போட நின்றபோது ஹெயில்வுட் ஒரு சுத்தியலைக் கேட்டு வாங்கி, பிடியை அடித்து உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்பினார். அது முழுதாக நிற்கவில்லை. முறுக்கவும் வேண்டும், கழன்றுவிடாமல் உள்பக்கமாக அழுத்திப் பிடிக்கவும் வேண்டும். நெளியும் வண்டியில் ஒரு கையை இப்படி அடமானம் வைத்துவிட்டு மணிக்கு சராசரி 175 கி.மீ. வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அந்தச் சுற்றுச் சாதனையை 1975 வரை யாரும் தொடவில்லை. ஐந்தாவது சுற்றில் அகோஸ்தினியின் செயின் அறுந்தது, ஹெயில்வுட் வென்றார். 250, 350 சிசி பந்தயங்களையும் சேர்த்து, மறுபடி ஒரே வாரத்தில் மூன்று.

அகோஸ்தினியின் செயின் அறுந்தது அதிர்ஷ்டம்தானே என்றால், ஆமாம், அதிர்ஷ்டம்தான். ஆனால் கழன்ற பிடியோடு அந்தச் செயின் அறுகிற வரைக்கும் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தது அதிர்ஷ்டமில்லை.

சுருக்கமாக: வண்டி தருவதைப் படிக்க வேண்டும், அதற்கேற்ப வளைவு எடுக்கும் வழியை மாற்ற வேண்டும், வண்டியில் கோளாறு வந்தால் கோளாறையும் கணக்கில் சேர்த்து ஓட்ட வேண்டும்.

அப்பா காசு

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். ஹெயில்வுட்டின் அப்பா ஸ்டான் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் பெரிய மோட்டார் சைக்கிள் வியாபாரி. மகன் 1957-இல் 17 வயதில் பந்தயத்துக்கு வந்தபோது அவருக்கென்று ஒரு டீமையே அமைத்துக் கொடுத்தார். என்.எஸ்.யு., மோண்டியல், டுகாட்டி, நார்ட்டன், ஏ.ஜே.எஸ். என்று விதவிதமான வண்டிகள். மற்ற இளைஞர்கள் ஒரே வண்டியை ஓட்டி, அதையே பழுதுபார்த்து, அதையே வேனில் ஏற்றிக்கொண்டு அலைந்தபோது இவர் இருபது வயதுக்குள் பல வகை எஞ்சின்களைப் பழகிவிட்டார். பல்திறன் பிறவியிலேயே வந்ததா, பழகப் பழக வந்ததா என்று கேட்டால், பழகுவதற்குப் பணம் வேண்டும் என்பதுதான் என் பதில்.

பணக்கார வீட்டுப் பையன் என்ற ஏச்சு சீக்கிரமே அடங்கிவிட்டது. 1961-இல் 250 சிசி உலகப் பட்டம். 1962 முதல் 65 வரை எம்.வி. அகுஸ்டாவில் தொடர்ந்து நான்கு 500 சிசி பட்டங்கள். 1964-இல் அமெரிக்காவின் டேட்டோனாவில் ஒரு மணி நேரத்தில் 233 கி.மீ. ஓட்டி உலகச் சாதனை செய்துவிட்டு, அதே நாளில் கிராண்ட் பிரீ (உலக சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று) பந்தயத்தையும் வென்றார். 1965 டி.டி.யில் மழையில் விழுந்து, வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்தி, வண்டியைத் தள்ளிக் கிளப்பி, அந்தப் பந்தயத்தையும் வென்றார். மொத்தம் ஒன்பது உலகப் பட்டங்கள், 76 கிராண்ட் பிரீ வெற்றிகள்.

நான்கு சக்கரம்

1967-க்குப் பிறகு ஹோண்டா கிராண்ட் பிரீயிலிருந்து விலகியது. ஹெயில்வுட் வேறு கம்பெனி வண்டியில் ஏறிவிடக் கூடாது என்று 50,000 பவுண்டு கொடுத்து வீட்டில் உட்கார வைத்தது. அவர் காருக்குப் போனார். 1969-இல் 24 மணி நேர ல மான்ஸ் பந்தயத்தில் டேவிட் ஹாப்ஸோடு சேர்ந்து மூன்றாம் இடம். 1972-இல் ஃபார்முலா 2-இல், அதாவது ஃபார்முலா 1-க்கு அடுத்த படியில், ஐரோப்பிய சாம்பியன். ஃபார்முலா 1-இல் மட்டும் ஒரு வெற்றிகூட இல்லை. 1972 மோன்சாவில் இரண்டாம் இடம்தான் உச்சம்.

காரிலும் டயர் பிடிமானம் அதே கணக்குதான். ஆனால் கார் சாயாது, ஓட்டுநர் உடம்பை நகர்த்தி எதையும் மாற்ற முடியாது. பைக்கில் அவருக்கிருந்த தகவல் வழிகளில் பாதி அடைபட்டுவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1973-இல் தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் எரிந்துகொண்டிருந்த காருக்குள் சிக்கிய கிளே ரெகாட்சோனியைத் தன் உடையில் தீப்பிடித்தும் விடாமல் திரும்பிப் போய் வெளியே இழுத்தார். அதற்காகப் பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. 1974-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் விபத்து, கால் நொறுங்கியது, ஃபார்முலா 1 முடிந்தது.

பதினோரு வருடம் கழித்து

1978-இல் 38 வயதில், அந்தப் பழுதான காலோடு டி.டி.க்குத் திரும்பினார். இடையில் 11 வருடம். கையில் டுகாட்டி 900, இரண்டு சிலிண்டர் ஃபோர்-ஸ்ட்ரோக். எதிரே பழைய எதிராளி ஃபில் ரீட், ஹோண்டாவில், முந்தைய வருட வெற்றியாளர். முன்னால் கிளம்பியிருந்த ரீடைச் சாலையிலேயே பிடித்துவிட்டார் ஹெயில்வுட். பிறகு ரீடின் வண்டி பழுதாகி நின்றது. டுகாட்டி வென்றது.

எனக்கு இதைவிட அடுத்த வருடம்தான் பெரிதாகப் படுகிறது. 1979-இல் அவருக்குக் கிடைத்தது சுசூகி 500, நான்கு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். டுகாட்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சின் பிடித்து இழுக்கும், சுசூகியில் இழுக்காது. டுகாட்டியின் சக்தி சீராக வரும். சுசூகியின் சக்தி சீறிக்கொண்டு வரும். ஒரே வருடத்தில் எல்லாம் தலைகீழ். 39 வயதில் அதிலும் சீனியர் டி.டி.யை (டி.டி.யின் 500 சிசி பந்தயம்) வென்று, சுற்றுச் சாதனையும் படைத்தார். அதே வாரம், அதே 500-ஐ வைத்துக்கொண்டு ஏறக்குறைய 1000 சிசி ஹோண்டாவோடு மோதி, ஆறு சுற்றுக்குப் பிறகு 3.4 நொடியில் அலெக்ஸ் ஜார்ஜிடம் தோற்றார். டி.டி.யில் அவருடைய கணக்கு 14 வெற்றிகள். 1981-இல் ஒரு சாதாரணச் சாலையில், தவறாகத் திரும்பிய லாரியில் அவர் கார் மோதி, அவரும் மகளும் இறந்தார்கள்.

இன்றைக்கு ஏன் இப்படிப்பட்டவர்கள் குறைவு

ஒப்பந்தம்தான் முதல் காரணம். மோட்டோஜிபி (இன்றைய உலக சாம்பியன்ஷிப்பின் உச்சப் பிரிவு) ஓட்டுநரை அவருடைய டீம் டி.டி. பக்கமே விடாது. எலெக்ட்ரானிக்ஸும் டயரும் ஒவ்வொரு தொடரிலும் தனி உலகமாகிவிட்டன. ஒன்றில் தேறவே ஆளுக்குப் பல வருடம் போய்விடுகிறது. பொதுச் சாலைப் பந்தயங்களில்தான் பழைய மாதிரி இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. ஜோயி டன்லப் 2000-இல் 48 வயதில் ஒரே வாரத்தில் 125, 250, ஃபார்முலா 1 (இது கார் இல்லை, டி.டி.யில் பெரிய பைக்குகளுக்கான பிரிவு) மூன்றையும் டி.டி.யில் வென்றார். மொத்தம் 26 வெற்றி என்ற அவருடைய சாதனையை 2024-இல் அவர் தம்பி மகன் மைக்கேல் டன்லப் தாண்டினார், அதுவும் பல பிரிவு வண்டிகளில் சேர்த்த வெற்றிகளோடு.

பல்திறன் என்றால் எங்கும் ஜெயிப்பது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அமெரிக்கரான காலின் எட்வர்ட்ஸ் 2000, 2002 இரண்டிலும் சூப்பர்பைக், அதாவது கடையில் விற்கும் வண்டியை அடிப்படையாக வைத்த பந்தயத்தில், உலக சாம்பியன். ஜப்பானின் சுசூகா டிராக்கில் நடக்கும் எட்டு மணி நேரப் பந்தயத்தை 1996-இல் யமஹாவிலும், 2001, 2002-இல் ஹோண்டாவிலும் வென்றார். 2003-இலிருந்து பல வருடம் மோட்டோஜிபி ஓட்டியும் அங்கே ஒரு வெற்றிகூட இல்லை. அதற்காக அவரைப் பல்திறன் இல்லாதவர் என்று சொல்ல முடியாது.

டிவியில் இதை நீங்களே பார்க்க ஒரு வழி இருக்கிறது. மோட்டோஜிபி நடக்கும் ஞாயிற்றுக்கிழமை அதே டிராக்கில் முன்னதாகவே மோட்டோ3 நடக்கும். அது 250 சிசி, ஒற்றை சிலிண்டர். மெயின் ரேஸுக்கு மட்டும் டிவி முன் உட்காராமல் மோட்டோ3-க்கே உட்காருங்கள். ஏதாவது ஒரு மெதுவான வளைவை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டோ3-இல் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள், எவ்வளவு அகலமாக எடுக்கிறார்கள், எங்கே நிமிர்கிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு மோட்டோஜிபி வரும்போது அதே வளைவில் அதே மூன்றையும் பாருங்கள்.